திரும்பி வருவதற்காக வாங்கிய படகு: ஆறு ஆண்டு அனுபவம்

16 அடி அலுமினியப் படகை விற்றுவிட்டு 21 அடிப் படகுக்கு மாறி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. என்ஜின் 780 மணி நேரம் ஓடியிருக்கிறது. பெரிய ஏரியில் மீன் பிடிக்கப் பெரிய படகு தேவைதானா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவைதான். ஆனால் நான் எதை நினைத்து வாங்கினேனோ அது நடக்கவில்லை. இனி அதிக நாள் ஏரிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். உண்மையில் போகும் நாட்கள் குறைந்துவிட்டன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பழைய படகை விற்கவைத்தது ஒரே ஒரு நண்பகல். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. மைத்துனரும் நானும் கரையிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே போய்விட்டோம். பதினொரு மணிக்குக் காற்று திசை மாறி எதிரே நின்றது. கடலில் அலை உயர்ந்து வந்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். படகு ஏறி இறங்க நேரம் கிடைக்கும். ஏரி அலை அப்படியல்ல. மூன்று நான்கு விநாடிக்கு ஒன்று, சுவர்போலச் செங்குத்தாக வரும். ஆழம் குறைந்த ஏரியானால் இன்னும் மோசம். வட அமெரிக்காவின் ஈரி ஏரி அவ்வளவு பெரிதாக இருந்தும் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். காற்று எழுந்தால் அது படகோட்டிகளை மிரட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் படகின் அணியம், அதாவது முன்முனை, ஒரு அலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் அடுத்த அலைக்குள் குத்திக்கொண்டது. மைத்துனர் வாய் வெட்டிய எண்ணெய் கேனால் நீரை இறைத்துக்கொண்டே இருந்தார். இரண்டே முக்கால் மணி நேரம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் படகைப் பார்த்தாலும் மனம் ஒன்றைத்தான் கேட்டது: எதிர்க்காற்றில் இது எப்படித் திரும்பி வரும்?

அப்படிக் கேட்டால் நீளம் பின்னுக்குப் போய்விடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகத்தின் வி வடிவம். என் பழைய படகில் பின்பக்கச் சரிவு 12 பாகை; கிட்டத்தட்டத் தட்டை. இப்போதைய படகில் 19. அலையை அறையாமல் வெட்டிக்கொண்டு போகிறது, முதுகெலும்பு நன்றி சொல்கிறது. இதற்கு விலையும் உண்டு. ஆழமான வி, நின்ற இடத்தில் தொட்டில்போல ஆடும். வேகத்தில் நீரின்மேல் எழுந்து வழுக்கி ஓட அதிகக் குதிரைத்திறன் கேட்கும். மிதந்தபடி தூண்டில் போடுவதுதான் உங்கள் பழக்கம் என்றால் 16, 17 பாகையிலேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம். மூன்றாவது, தளத்தில் ஏறும் நீர் தானாக வெளியே ஓடும் அமைப்பு. அகலத்தை மட்டும் ஏரி தீர்மானிப்பதில்லை, சாலை தீர்மானிக்கிறது. தனி அனுமதியின்றி இழுத்துச் செல்லக்கூடிய அகலம் பல நாடுகளில் இரண்டரை மீட்டரை ஒட்டியே இருப்பதால், டிரெய்லரில் போகும் படகுகள் எல்லாம் ஏறத்தாழ அங்கே வந்து நின்றுவிடுகின்றன.

விற்பவர் அமைதியான நாளில் ஓட்டிக் காட்டுவார். காற்றடிக்கும் நாளில்தான் வருவேன் என்று நான் அடம்பிடித்தேன். அதனால் ஒரு மாதம் தள்ளிப்போனது. ஆனால் பட்டியலில் முதலிடத்தில் வைத்திருந்த படகு அந்த ஒரே ஓட்டத்தில் கீழே இறங்கியது. ஓட்டுநர் இருக்கையில் ஒவ்வொரு அலைத் தெறிப்பும் முகத்துக்கு நேராக வந்தது.

அலுமினியமா, ஃபைபரா என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த பழைய படகின் கசிவோடு பத்தாண்டுகள் போராடியதால் பற்றவைத்த அலுமினியம் எடுத்தேன். சத்தம் அதிகம், எடை குறைவென்பதால் பக்கக்காற்று தள்ளும். ஃபைபர் கனத்தாலேயே அமைதியாகப் போகும், பாறையில் உரசினால் அழவைக்கும். அலுமினியம் எடுப்பவர்களுக்கு ஒன்று: அரிப்பைத் தாங்கப் பொருத்தும் பலித்தகடு நன்னீருக்கு ஏற்றதா என்று பாருங்கள். துத்தநாகத் தகடு நன்னீரில் மேலே படலம் கட்டி வேலையை நிறுத்திவிடும்.

பெரிதாக இருந்தால் மூழ்காது என்றொரு நம்பிக்கை துறையில் உலவுகிறது. நேர்மாறு. அமெரிக்காவில் படகு நீரால் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்ற விதி, 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்குத்தான் பொருந்தும். அதைத் தாண்டிவிட்டால் தளத்துக்கு அடியில் நுரை நிரப்புவது தயாரிப்பவரின் விருப்பம். நான் வாங்குமுன் தளத்தின் சிறு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், விற்பவர் சிரித்தார். 1975 நவம்பரில் சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் நீளம் 729 அடி. சிரிக்கட்டும்.

என்ஜின் 150 குதிரைத்திறன். படகு 200 வரை தாங்கும் என்று தகட்டில் இருந்தது. 175 எடுத்திருக்கலாம் என்று முதல் ஆண்டில் வருந்தினேன். பிறகுதான் குறை என்ஜினில் இல்லை, புரொப்பல்லரில் என்று தெரிந்தது. முழு வேகத்தில் 5,000 முதல் 6,000 சுற்று வர வேண்டிய என்ஜின், ஆட்களும் எரிபொருளும் ஏறிய பிறகு 4,900-க்கு மேல் போகவில்லை. 17 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) உள்ளதைக் கழற்றி 15 அங்குல, நான்கு இதழ் புரொப்பல்லர் போட்டதும் 5,300 வந்தது. உச்ச வேகம் சற்றுக் குறைந்தது. அதற்குப் பதிலாக, அலையில் மெதுவாகப் போகும்போதும் படகு மேலெழுந்த நிலையிலேயே நிற்கிறது. திரும்பி வரும்போது வேண்டியது அதுதான்.

பின்பக்கம் 9.9 குதிரைத்திறன் சின்ன என்ஜின் ஒன்று இருக்கிறது. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குள் இரை இழுத்துப் போவதற்கு அதுதான் தோது. பெரிய என்ஜின் படுத்துவிட்டால் வீடு சேர்க்கும் என்றும் நம்பினேன். இரண்டாம் ஆண்டில் அந்த நம்பிக்கை போனது. கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் பெரிய என்ஜின் இருமி நின்றது. பதற்றமில்லாமல் சின்னதை இழுத்தேன். பத்து நிமிடம் ஓடிவிட்டு அதுவும் அதேபோல் இருமியது. எரிபொருள் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தால், மேலே இளமஞ்சள் பெட்ரோல், அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தெள்ளிய தண்ணீர். படகு ஆட, இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடும் ஆடியது. முந்தைய நாள் நிரப்பிய இடத்தில் பெட்ரோலோடு தண்ணீரும் வந்திருக்கிறது. இரண்டு என்ஜின்களும் ஒரே தொட்டியில் குடித்தால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். கிண்ணத்தை நான்கு முறை காலி செய்து, நின்று நின்று வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து சின்ன என்ஜினுக்குத் தனியாக 12 லிட்டர் தொட்டி, தனிக் குழாய், தனி வடிகட்டி. இவ்வளவு எழுதியதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிபொருள் அளவுமானியை நம்ப வேண்டாம். உள்ளே மிதவை குதிப்பதால் அலையில் அது முக்காலும் காட்டும், காலும் காட்டும். என்ஜினிலிருந்து ஓட்ட அளவை எடுத்துத் திரையில் காட்டும் இணைப்பைப் போட்டேன். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்ற பழைய கணக்கை அது சரியாகச் செய்யவைக்கிறது. எதிர்க்காற்றில் வரும்போது அந்த இரண்டாம் பங்கு ஒன்றரைப் பங்காகிவிடுகிறது.

மின்சார வேலைக்கு வருகிறேன். நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான். படகு வரும்போது ஒரே பேட்டரி. சாவியைத் திருப்பினால், ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டர் அணைந்து மறுபடி எரியும். என்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மின்னழுத்தம் விழுவதால் வருவது அது. என்ஜினுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று என்று பிரித்து நடுவே ஸ்விட்ச் போட்டதும் சரியாயிற்று. மூன்றாம் ஆண்டில் பலகையைத் திறந்தால், பொருத்திக் கொடுத்தவர்கள் வீட்டு வேலைக்கான வெறும் செம்பு ஒயரை ஓட்டியிருந்தார்கள். இணைப்பு முனைகள் எல்லாம் பாசிபோலப் பச்சை பூத்திருந்தன. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வெள்ளீயம் பூசிய ஒயராக மாற்றினேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ், ஒவ்வொரு ஒயருக்கும் பெயர்ச்சீட்டு. மனைவி அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு, வீட்டு அலமாரிக்கும் இப்படி ஒட்டக் கூடாதா என்று கேட்டார்.

படகின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் மணிக்கு 1,100 கேலன் இறைக்கும் என்று அட்டைப்பெட்டியில் இருந்தது. அதாவது 4,160 லிட்டர். அது நீரை மேலே தூக்க வேண்டியில்லாத நிலையில் எடுத்த அளவு. படகைத் தரையில் நிறுத்தி, அடியில் நீர் விட்டு, வெளிக்குழாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தேன். நிரம்ப 27 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 2,700 லிட்டர்கூட இல்லை. உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த குழாயை எடுத்துவிட்டு வழவழப்பான குழாயைப் போட்டு, வளைவுகளையும் குறைத்தபின் 22 விநாடியானது. இரண்டாவதாக ஒரு பம்ப்பும் வைத்திருக்கிறேன். இரண்டின் மிதவை ஸ்விட்சும் முதன்மை ஸ்விட்ச்சைச் சுற்றிக்கொண்டு, ஃபியூஸ் வழியாக நேராகப் பேட்டரிக்குப் போகின்றன. ஆளில்லாமல் கட்டிக் கிடக்கும் இரவில்தான் பம்ப்புக்கு வேலை.

எக்கோ சவுண்டரில் திரையின் அளவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உணர்வி பொருத்தும் இடம்தான் முக்கியம். அடிப்பாகத்தின் வரிமேடுகளுக்குப் பின்னால் வைத்தால் குமிழிகள் அதை மூடிவிடும். வேகமெடுத்தால் அடித்தளம் திரையிலிருந்து மறைந்துவிடும். மூன்றாவது இடத்தில்தான் எனக்குச் சரியாக வந்தது. நல்லவேளை, முதலிலேயே ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி அதில்தான் திருகினேன். இல்லையென்றால் படகின் பின்சுவர் சல்லடையாகியிருக்கும்.

படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவைப் பற்றி வாதிட ஒன்றுமில்லை. கைப்பேசி உள்ளே போகப் போகக் கைவிடும். ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால், சுற்றிலும் ரேடியோவைத் திறந்து வைத்திருக்கும் படகுகளுக்குக் கேட்கும். அதன் அலை நேர்கோட்டில் போவதால் ஆன்டெனாவை முடிந்த உயரத்தில் வையுங்கள்.

மீன்பிடிக் கருவிகளில் ஆசை அறிவை வென்றது. கம்பியில் கட்டிய குண்டால் இரையை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர், அதுவும் மின்சாரத்தில் ஓடுவது, நான்கு வாங்கினேன், இரண்டைக் கழற்றி விற்றேன். இருவர் போகும் படகில் நான்கு கம்பிகள் என்றால், மீன் மாட்டியதும் யார் எதை மேலே இழுப்பது என்ற குழப்பம்தான் மிச்சம். 12 பவுண்டு ஈயக் குண்டு போதும். பக்கச் சுவரில் டவுன்ரிக்கர் பொருத்தும் இடத்துக்கு அடியில் கனமான தகடு வைக்க மறக்காதீர்கள். வைக்காததால் என் முதல் பீடம் குண்டு அடியில் சிக்கியபோது அலுமினியத்தையே பிதுக்கிவிட்டது. அணியத்தில் வைத்த மின்சார மோட்டாருக்கு 60 அங்குலத் தண்டு. அப்படியும் இரண்டடி அலையில் அணியம் தூக்கும்போதெல்லாம் நீருக்கு வெளியே வந்து அலறுகிறது. அமைதியான நாளில் அருமை. அமைதியான நாட்கள் எத்தனை? அந்தச் செலவில் சின்ன என்ஜினுக்குத் தானியங்கிச் சுக்கான் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மலிவானது, நீரில் குடைபோல விரியும் இழுவைப் பை. காற்றில் ஓடும் படகை அது பிடித்து நிறுத்துவதுபோல வேறெதுவும் நிறுத்தவில்லை.

பெரிய படகு கொண்டுவந்த ஓர் ஆபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு கோடை நாளில் துறைக்குப் பக்கத்தில், உயிர்காப்பு அங்கியோடு வேண்டுமென்றே நீரில் குதித்துப் பார்த்தேன். பழைய படகில் ஓர் உந்தலில் ஏறிவிடுவேன். இதில் விரல் நுனிதான் விளிம்பைத் தொட்டது. மடக்கு ஏணி மேலே கொக்கியில் பத்திரமாக இருந்தது, நீரிலிருந்து எட்டாது. மைத்துனர் கீழே இறக்கிவிட்ட பிறகே ஏறினேன். தனியாக இருந்திருந்தால்? குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஏற வேண்டும். அடுத்த நாளே நீருக்குள்ளிருந்து இழுத்தால் இறங்கும் ஏணியை மாட்டினேன். தனியே போகும்போது, நான் விழுந்தால் என்ஜினை அணைக்கும் கயிறு என் உடம்பில்தான் இருக்கும்.

இனி, நாட்கள் குறைந்த கதை. படகு, என்ஜின்கள், முழுத் தொட்டிப் பெட்ரோல், சாமான்கள், டிரெய்லர் எல்லாம் சேர்த்து எடை இரண்டேகால் டன்னுக்கு அருகில். இரண்டு அச்சு, பிரேக், நான்கு சக்கரங்களின் பேரிங்குகள் என்று பராமரிக்க வேண்டியது கரையிலேயே ஒரு பட்டியல். 16 அடிப் படகைத் தனியாளாகப் பத்து நிமிடத்தில் இறக்குவேன். இதற்குத் துணையோடு அரைமணி, தனியாக என்றால் நாற்பது நிமிடமும் நாலு பேருடைய பொறுமையும். வேலை முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் போய்வரும் பழக்கம் முதல் ஆண்டோடு நின்றுவிட்டது. காற்றடிக்கும் நாட்களில் வீட்டில் இருப்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது, காற்று நடுவழியில் எழுந்தால் என்ன ஆகும் என்பது. போன ஆண்டு அதே 14 கிலோமீட்டரை அதுபோன்ற எதிர்க்காற்றில் 50 நிமிடத்தில் கடந்தோம். மைத்துனர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

மாலை நேரத்துக்கு இப்போது ஒரு நண்பரின் 14 அடிப் படகை இரவல் வாங்குகிறேன். ஆழத்துக்குப் போக அவர் என் படகைக் கேட்பார். சாவியைக் கொடுக்குமுன், அவரைக் குனியவைத்து மிதவை ஸ்விட்சை விரலால் தூக்கச் சொல்லி, இரண்டு பம்ப்பும் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொள்வேன்.