தருமபுரி ரயில் நிலையம்: என் அனுபவம்

பெங்களூரில் இருக்கும் மகளைப் பார்க்க மாதம் ஒருமுறையாவது இங்கேதான் ரயில் ஏறுகிறேன். எர்ணாகுளம் இன்டர்சிட்டி இங்கே நிற்பது எங்களுக்குப் பெரிய வரம். சேலம் போவதென்றாலும், முழங்கால் வலியோடு பஸ்ஸில் தொப்பூர் கணவாய் இறங்குவதைவிட ரயில் எவ்வளவோ மேல். 2023 டிசம்பர் முதல் கோவை வந்தே பாரத்தும் நிற்கிறது. தமிழ்நாட்டு ஊர்தான், ஆனால் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது.

மொரப்பூரிலிருந்து இங்கே 1906லேயே குறுகிய பாதையில் ரயில் ஓடியது. 1941ல் போர்க்காலத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். இன்றும் சென்னைக்கு ரயில் பிடிக்க மொரப்பூருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். அந்தப் பாதை திரும்ப வரவேண்டும் என்று நானும் காத்திருக்கிறேன்.

காலை நேரத்தில் நடைமேடையில் உட்கார்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம், புளியோதரையும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.