களனி ஆற்றில் ஒரு சுருள் பம்ப்: பாவித்துப் பார்த்த பின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவ்வளவையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இருப்பார்கள். ஆற்று ஓட்டத்தில் தானாகச் சுழன்று தண்ணீர் ஏற்றும் சக்கரம், இடம் பொருந்தினால், கொடுத்த காசுக்கு மோசமில்லை. அதே சக்கரத்தில் கரண்ட் எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அந்தக் காசுக்குச் சோலார் பலகை வாங்கிக் கூரையில் போடலாம்.

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். ஹங்வெல்லைக்கு அப்பால் களனி ஆற்றின் வளைவு ஒன்றில் மச்சானும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் துண்டுக் காணி இருக்கிறது. வாழை, வெண்டி, பயற்றை, கரையோரம் பொன்னாங்காணி. முன்பு பெற்றோல் பம்ப்தான். 2022 நெருக்கடி வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, பெற்றோலைக் கேனில் தரமாட்டார்கள், மண்ணெண்ணெய்க்கு மாறலாம் என்று பார்த்தால் ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. இருபது அடி தள்ளி ஆறு நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மேலே வாழை வாடுகிறது. அந்த எரிச்சலில் தேடிப் பிடித்ததுதான் இந்தச் சாமான்.

சக்கரத்தின் விட்டம் ஆறு அடி. இரு பக்கமும் நீல பிளாஸ்டிக் பரல்கள் மிதவையாக. விளிம்பில் உள்ள பலகைகளை ஓட்டம் தள்ளச் சக்கரம் சுற்றும். சக்கரத்தின் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலக் கறுப்புப் பொலித்தீன் பைப்பை, வெளியிலிருந்து உள்நோக்கி எட்டுச் சுற்றாகச் சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். பைப்பின் வெளி வாய் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீருக்குள் முங்கி அள்ளிக்கொள்ளும், மேலே வந்ததும் காற்றை எடுக்கும். இப்படித் தண்ணீர், காற்று, தண்ணீர், காற்று என்று மாறி மாறி நடுவை நோக்கி நகரும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்பதால் கொஞ்சம் அழுத்தம் சேர்கிறது. எட்டுச் சுற்றின் அழுத்தமும் கூடி, அச்சு வழியாக வெளியே வரும்போது தண்ணீரை ஏழெட்டு மீற்றர் தூக்கிவிடுகிறது. வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது, எஞ்சின் கிடையாது. 1746இல் சூரிச் நகரில் வியர்ட்ஸ் என்பவர் ஒரு சாயப்பட்டறைக்குத் தண்ணீர் ஏற்றச் செய்த ஏற்பாடு இது. அவர் கையில் பொலித்தீன் பைப் இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் நாள் தொட்டியடியில் நின்று பார்த்தவர்கள் எல்லோருமே கொஞ்சம் ஏமாந்தார்கள். மோட்டர் பம்ப் போலத் தடித்த தண்ணீர் வராது. பைப் முதலில் புஸ்ஸென்று காற்றுவிடும், பிறகு ஒரு மிடறு தண்ணீரைத் துப்பும், மறுபடி காற்று. பக்கத்துக் காணிக்காரர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் தொட்டி நிரம்பி வழிந்து வாழைக்குள் ஓடியதைப் பார்த்தபின் அவரே வந்து விலை கேட்டார். இரவு முழுக்க ஓடுகிறது, அதுதான் இதன் முழு ரகசியமும்.

எவ்வளவு கிடைக்கும்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஓட்டம் வினாடிக்கு ஒரு மீற்றர் என்றால், ஒரு சதுர மீற்றர் குறுக்குப் பரப்பில் கடந்து போகும் சக்தி 500 வாட். எந்தச் சுழலியாலும் திறந்த ஓட்டத்திலிருந்து அதில் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் என்ற விஞ்ஞானி போட்ட கணக்கு. பலகையைத் தள்ளிச் சுற்றும் எங்கள் மாதிரிச் சக்கரத்துக்கு 15 சதவீதம் கிடைத்தாலே நல்லது. எங்கள் பலகை தண்ணீருக்குள் இருக்கும் பரப்பு அரைச் சதுர மீற்றருக்கும் குறைவு. ஆக அச்சில் கையில் வருவது ஏறக்குறைய 30 வாட். சுருளுக்குள் போகும் இழப்பையும் கழித்தால் தண்ணீரைத் தூக்க 15 வாட். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த 15 வாட் இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓய்வில்லாமல் வேலை செய்தால் எட்டு மீற்றர் உயரத்துக்கு ஒரு நாளைக்குப் பதினையாயிரம் லீற்றருக்கு மேல் ஏறும். எங்கள் தோட்டத்துக்கு அது போதும், சில மாதங்களில் மிச்சம்.

கெட்ட செய்தி, வேகம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. வேகத்தின் மும்மடிப் பெருக்கம் அது. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆகவே எல்லாமே வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பு நட்டு, ஒரு தோடம்பழத்தை ஆற்றில் போட்டு, அது போய்ச் சேர எத்தனை வினாடி என்று பாருங்கள். பத்தை அந்த வினாடியால் வகுத்தால் மேற்பரப்பு வேகம், அதை 0.85ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் அளக்க வேண்டும். வைகாசி மழையில் அளந்து மயங்கக்கூடாது. மட்டக்குளி, முகத்துவாரப் பக்கம் இருப்பவர்கள் தோடம்பழத்தை வீணாக்க வேண்டாம், சாப்பிடுங்கள். அங்கே ஆறு கடலைப் பார்த்து யோசித்துக்கொண்டு நிற்கிறது, வற்றுப் பெருக்கும் ஏறுகிறது. கோடையில் உப்புத் தண்ணீர் அம்பத்தளைக் குடிநீர் எடுக்கும் இடம்வரை வரப் பார்ப்பதும், அதற்குத் தடுப்புக் கட்ட வேண்டி வந்ததும் கொழும்பில் குழாய்த் தண்ணீர் குடிக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி ஆழமாகிப் போனதும் அதற்கு ஒரு காரணம். ஆழம் கூடினால் ஓட்டம் மெதுவாகும், எங்கள் சக்கரத்துக்கும் அதே பாதிப்பு.

"இதே களனியில்தானே லக்ஷபான மின்நிலையத்தில் கரண்ட் எடுக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் வராது?" என்று மச்சான் வீட்டில் ஒரு மாமா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கேட்பார். அங்கே எடுப்பது ஓட்டத்தை இல்லை, உயரத்தை. காசல்ரி, மவுசாக்கலையில் தேக்கி, மலையிலிருந்து குழாய் வழியே நூற்றுக்கணக்கான மீற்றர் இறக்குகிறார்கள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது அந்த உயரத்தைத்தான். வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரில் இருக்கும் சக்தி, அதே தண்ணீர் வெறும் 5 சென்ரிமீற்றர் கீழே விழுந்தால் கிடைக்கும் சக்திக்குச் சமம். ஹங்வெல்லையில் எங்களுக்குக் கிடைப்பது அந்த 5 சென்ரிமீற்றர்.

மச்சான் சும்மா விடவில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய கார் ஒல்டனேற்றர் ஒன்றை வாங்கி, புல்லி, பெல்ட், சைக்கிள் செயின் எல்லாம் கோர்த்து ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினார். சக்கரம் நிமிடத்துக்கு நாலு சுற்று. ஒல்டனேற்றர் உருப்படியாகக் கரண்ட் தர ஆயிரத்துக்கு மேல் வேண்டும். நடுவில் இருக்கும் ஒவ்வொரு பெல்ட்டும் தன் பங்கைத் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு சின்ன எல்ஈடி பல்ப் மினுங்கியது, தண்ணீர் ஏறவில்லை. 1970களின் கடைசியில் பொறியியலாளர் பீற்றர் கார்மன் குழுவினர் இன்றைய தென் சூடானின் ஜூபாவில், நைல் ஆற்றில் மிதக்கவிட்ட நீரோட்டச் சுழலிகளும் முக்கியமாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத்தான் பயன்பட்டன. அதற்கு முன்பு, 537இல் கோத்தியர் ரோமை முற்றுகையிட்டு நீர்க்குழாய்களை வெட்டியபோது, உள்ளே இருந்த ரோமர்கள் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி நடுவில் சக்கரம் வைத்து மா அரைத்தார்களாம். மெதுவாகச் சுற்றுவதை மெதுவான வேலைக்கே விட்டுவிட்டார்கள்.

இனி உண்மையான தலையிடிகள். முதலாவது, சுழலும் மூட்டு. சக்கரத்தோடு சுற்றும் பைப்பும் கரைக்குப் போகும் அசையாத பைப்பும் சந்திக்கும் இடம். செய்துதந்த பட்டறையில் இதற்கு ஓயில் சீல் ஒன்றைப் போட்டு, "ஆயுசுக்கும் போதும்" என்றார்கள். முதல் மழை முடிவதற்குள் அந்த ஆயுசு முடிந்தது. களனித் தண்ணீரில் வரும் நைசான மணல் ரப்பர் உதட்டை அரைத்து, அச்சுப் பைப்பிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையம் போட்டுவிட்டது. ஒழுகத் தொடங்கினால் வெளியே ஒழுகும் தண்ணீர் மட்டும் போவதில்லை, சுருளுக்குள் சேர்ந்த அழுத்தமே போய்விடுகிறது. சக்கரம் அழகாகச் சுற்றும், தொட்டி காய்ந்திருக்கும். பழைய சோனகத் தெருவில் ஒரு வயதான கடைக்காரர் சொன்னதன்படி சீலை எறிந்துவிட்டு, கிறீஸில் ஊறவைத்த பருத்திக் கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு மூடி போட்டு இறுக்கினோம். இப்போது ஒரு சொட்டு இரண்டு சொட்டு ஒழுகும். ஒழுகட்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி. கூடினால் மூடியை அரைச் சுற்று இறுக்கிவிட்டால் சரி.

இரண்டாவது, குப்பை. சல்வீனியா, ஆகாயத்தாமரை, தென்னை ஓலை, குரும்பை, ஷொப்பிங் பேக். கடைசியாகச் சொன்னதுதான் மகா மோசம், பலகையில் சுற்றிக்கொண்டு பைப் வாய்க்குள் போய்விடும். சக்கரத்துக்கு மேற்புறம் மூங்கிலை ஆப்பு வடிவில் மிதக்கவிட்டிருக்கிறோம், முக்கால்வாசி விலகிப் போகிறது. மிச்சத்தைக் காணியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி காலையில் குளிக்க இறங்கும்போது எடுத்துவிடுவார். அவர் யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், சக்கரத்தின் சத்தத்திலேயே நோயைச் சொல்வார்.

மூன்றாவது, கோடை. மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர் எடுத்த கோல்: "அண்ணே, சக்கரம் நின்னுருச்சு. ஆத்துல தண்ணி இருக்கு, நகர மாட்டேங்குது." பயிருக்குத் தண்ணீர் மிக மிகத் தேவைப்படும் மாதத்தில் இது நிற்கும், வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மீற்றர் ஏற்ற ஒரு குறிப்பிட்ட விசை வேண்டும். ஓட்டம் குறைந்தால் விசை கிடைக்காது, மெதுவாகச் சுற்றாமல் ஒரேயடியாக நின்றுவிடும். நாங்கள் செய்த ஏற்பாடு, கரைக்குப் பக்கத்தில் மூன்று மீற்றர் உயரத்தில் இன்னொரு தொட்டி. கோடையில் அதற்கு மாற்றிவிட்டால் சுமை குறைந்து சக்கரம் மறுபடி அசையும். அங்கிருந்து மேலே பெற்றோல் பம்ப். அதனால் பழைய பம்பை விற்கவில்லை, ஆனால் மணிக்கணக்கில் ஓட்டுவதுமில்லை. இன்னொன்றும் கவனித்தோம்: நின்றுகிடக்கும் சக்கரம் சில நாட்களில் நடுச்சாமத்தில் தானாகச் சுற்றத் தொடங்குகிறது. மேலே மின்நிலையங்கள் மாலை நேரத் தேவைக்குத் திறந்துவிடும் தண்ணீர் அந்த நேரத்துக்குத்தான் எங்கள் வளைவுக்கு வந்து சேருகிறது போலும்.

வெள்ளம் தனிக்கதை. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கூரைவரை தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்குக் களனியின் குணம் தெரியும். சக்கரத்தை ஒரு மருத மரத்தின் அடியில் இரும்புக் கம்பிவடத்தால் கட்டியிருக்கிறோம், கீழ்ப்புறம் இன்னொரு வடம் தளர்வாக. மழைக்காலத்தில் நான் பார்ப்பது கொழும்பு நாகலகம் வீதியில் எடுக்கும் ஆற்று மட்ட அளவை இல்லை, அது எங்களுக்குக் கீழே. எங்களுக்கு மேலே இருக்கும் அளவு நிலையங்களைத்தான்: கித்துல்கல, தெரணியகல, அப்புறம் கிளென்கோர்ஸ். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் அட்டவணையில் கிளென்கோர்ஸ் ஏறத் தொடங்கினால் உடனே தம்பிக்குக் கோல். அடுத்த காணிக்காரரின் இரண்டு பையன்களும் சேர்ந்து சக்கரத்தைக் கரைக்கு இழுத்துப் போடுவார்கள். சோம்பல்பட்டால் சக்கரம் முகத்துவாரம் போய்க் கடல் பார்க்கும்.

இரும்புப் பலகைகளை எடுத்துவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய இரும்பு விலை ஏறிய காலத்தில் இரண்டு பலகை இரவோடிரவாகக் காணாமல் போனது. இப்போது பரலை நீளவாக்கில் வெட்டிப் பூட்டியிருக்கிறோம். கொஞ்சம் வளைந்திருப்பதால் தண்ணீரை நன்றாகவே பிடிக்கிறது, திருடனுக்கு ஒரு சதத்துக்கும் உதவாது.

செலவு, மிதவை, வடம், தொட்டி எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட. வருடத்துக்குக் கயிறு, கிறீஸ், ஒரு ஜோடி பேரிங். பெற்றோலில் மிச்சம் பிடித்ததை வைத்துப் பார்த்தால் போட்ட காசு வந்துவிட்டது. ஆற்றங்கரை ஒதுக்கு நிலத்தில் எதையும் நாட்டுவதற்கு முன் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் குளிக்கும் துறைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. மெதுவாகச் சுற்றினாலும் அந்த எடை விரலை விடாது.

அடுத்த கோடைக்குள் சக்கரத்தின் இரு பக்கமும் பலகையால் இறக்கை போட்டு, அகலமாக வரும் ஓட்டத்தை நடுவுக்கு ஒடுக்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். மச்சான் படம் கீறி வைத்திருக்கிறார். அதில் ஒரு மூலையில் ஒல்டனேற்றரையும் கீறியிருக்கிறார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.