திருவிழா மேடைக்கு எந்த பிக்கப்: சிங்கிள் காயிலா, ஸ்டாக்கா?

மூன்று வருடத்தில் ஒரே கிட்டாரின் பிக்கார்டை (பிக்கப்பைத் தாங்கும் முன்பக்கத் தகடு) ஐந்து முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் 11 திருகு. அதில் இரண்டின் மரை தேய்ந்து, இப்போது பல்குச்சி முறித்துப் போட்டுத்தான் இறுக்குகிறேன். இவ்வளவு கூத்தும் எதற்கென்றால், மூன்று சிங்கிள் காயில் உள்ள ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த பிக்கப் போடுவது என்ற ஒரே கேள்விக்காக. பிக்கப் என்பது கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். ஒரே சுருள் இருந்தால் சிங்கிள் காயில்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் அதைப் பொறுத்தது. திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் மெல்லிசைக் கச்சேரி, ஞாயிறு காலை சர்ச். வாசிப்பதில் முக்கால்வாசி சுத்தமான டோன், எண்பதுகளின் திரைப்பாட்டு ரிதம். மீதி கொஞ்சம் லீடு. மெட்டல் வாசிப்பவர்களுக்கு என் அலசல் பாதிதான் பொருந்தும்.

சிங்கிள் காயில் பளிச்சென்று இருக்கும், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் தடிமனாக இருக்கும், செராமிக் காந்தம் கூர்மை, ஆல்னிகோ மிருது. இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் எச்சரித்துவிட்டுப் போகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் கிலோ ஓம் கணக்கை, அதாவது சுருளின் மின்தடையை, பார்த்து எது சத்தம் அதிகம் என்று முடிவு செய்யாதீர்கள். சுருளின் கம்பியை இன்னும் மெல்லியதாக எடுத்துச் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும்.

முதலில் வாங்கியது சீமோர் டங்கன் எஸ்எஸ்எல்-1 செட். ஆல்னிகோ 5 காந்தத் தண்டுகள், ஐம்பதுகளின் ஸ்ட்ராட் பாணி. கிட்டாரோடு வந்த செராமிக் பிக்கப்புக்கும் இதற்கும் உள்ள தூரம், கொதிக்கவைத்த டீத்தூளுக்கும் டிகாஷனுக்கும் உள்ள தூரம். கிட்டாரின் கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்கப்பில் மெதுவாக வாசித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, சின்ன ஆம்பில் வாசித்துப் பார்த்தபோது இதோடு தேடல் முடிந்தது என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், கோபுரத்திலிருந்து மேடை வரை சீரியல் செட், தலைக்கு மேலே டிம்மரோடு விளக்குகள். பிளக்கைச் சொருகியதும் வந்த சத்தத்தில் கீபோர்டு வாசிப்பவர் ஜெனரேட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். சத்தம் என் கிட்டாரிலிருந்து வந்தது.

பிக்கப்புக்குள் இருப்பது தலைமுடி அளவுக் கம்பியில் ஏறத்தாழ 8,000 சுற்று. கிட்டார் கம்பி அதிர்வதைப் பிடிக்கும் அதே சுருள், பக்கத்தில் மின்சாரம் ஓடினாலும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது கிட்டத்தட்ட ஜி சுரத்தில் விழுகிறது. அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் அப்படியே. இந்த இரைச்சலைத்தான் ஹம் என்பார்கள். ஜி ஸ்கேலில் பாட்டு வந்தால் ஹம்மும் சுருதிப்பெட்டிபோல் ஒத்து ஊதும். ஜி ஷார்ப்பில் பாடகி ஆரம்பித்தால் தொலைந்தோம். திரும்பி நின்றால் ஹம் கூடும், குறையும். சுருள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. அன்றைக்கு ஹம் அடங்கிய ஒரே திசை, சன்னதிக்கு முதுகைக் காட்டும் திசை. விழாக் குழுப் பெரியவர் ஒருவர் மேடையோரம் வந்து, "தம்பி, அம்மனைப் பார்த்து நில்லுப்பா" என்றார். நின்றேன். ஹம்மும் அம்மனைப் பார்த்து நின்றது.

எனவே என் அலசலில் டோன், விலை, பிராண்டு எல்லாம் அப்புறம். அழுக்கு மின்சாரத்தில் அமைதியாக இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இதை யூடியூப் ஒப்பீடுகளில் கேட்க முடியாது. அவர்கள் ஒழுங்காக எர்த் போட்ட ஸ்டுடியோவில் வாசிக்கிறார்கள்.

எர்த் என்றதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் காப்பர் டேப். சென்னை போனபோது ரிச்சி தெருவில் ஒரு சுருள் வாங்கி, உள்குழி முழுக்க ஒட்டி, எர்த்தோடு இணைத்தேன். பயன் இருந்தது, ஆனால் பாதிதான். கிட்டாரில் வரும் இரைச்சல் இரண்டு வகை. டிம்மரிலிருந்து வரும் 'ஜிர்ர்' ஒன்று. கம்பியைத் தொட்டால் இது குறையும், காப்பர் டேப் இதைப் பெருமளவு தடுக்கும். இன்னொன்று டிரான்ஸ்ஃபார்மரும் மின்கம்பியும் கிளப்பும் 'ஊம்'. அது காந்தப்புலம். மெல்லிய செம்புத் தாளை அது மதிக்கவே மதிக்காது, சுருளை மாற்றினால்தான் போகும். ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் பெடலும் வைத்துப் பார்த்தேன். வெட்டி வெட்டி வாசிக்கும் ரிதத்துக்குச் சரி. லீடில் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தினால், அது தேயும்போது கேட் கதவைச் சாத்திவிடுகிறது.

இடையில் ஒன்று. எர்த் இல்லாத மேடையில் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து. எந்த பிக்கப்பும் அதைத் தீர்க்காது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் இப்போது பிளக்கைச் சொருகுகிறேன்.

மூன்றாவது தடவை திறந்தது ஆசையில். பிரிட்ஜில் (கம்பிகள் முடியும் அடிப்பக்கம்) மட்டும் டங்கனின் ஹாட் ரெயில்ஸ் போட்டேன். சிங்கிள் காயில் அளவுக்குள் இரண்டு சுருளையும் பக்கம் பக்கமாக அடக்கிய குட்டி ஹம்பக்கர். கிப்சனில் சேத் லவர் 1955இல் வகுத்த அதே சூத்திரம்தான்: இரண்டு சுருளையும் காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால் ஹம் ஒன்றையொன்று தின்றுவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். லீடுக்கு அபாரம். ஆனால் அதைப் போட்டதும், அதுவரை அமைதியாக இருந்த ஒரு ஸ்விட்ச் நிலையில் ஹம் கிளம்பியது. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. இப்போது வரும் சிங்கிள் காயில் செட் பலவற்றில் நடு பிக்கப்பை மட்டும் எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். அதனால் ஐந்து நிலை ஸ்விட்ச்சின் 2 (பிரிட்ஜும் நடுவும்), 4 (நடுவும் நெக்கும்) நிலைகளில் இரண்டு பிக்கப் சேரும்போது ஹம் இருக்காது. பிரிட்ஜில் ஹம்மே இல்லாத ஒன்றைப் போட்டால், நடு பிக்கப்பின் ஹம்மை அடிக்க ஜோடி இல்லை. எண்பதுகளின் பாட்டுக்கு நான் அதிகம் வைப்பது அந்த 2ஆம் நிலைதான். ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ரிதமும் அந்த ரெயிலில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஸ்டாக். பார்க்க சிங்கிள் காயில், உள்ளே இரண்டு சுருள் ஒன்றன்மேல் ஒன்று. மேல் சுருள் கம்பியைக் கேட்கிறது. கீழ்ச் சுருளின் வேலை ஹம்மை மட்டும் பிடித்து எதிர்ப்பக்கமாகக் கொடுப்பது. இந்த ஆசை புதிதல்ல. ஃபெண்டரே 1987இல் ஸ்ட்ராட் பிளஸில் லேஸ் சென்சார் என்ற குறை இரைச்சல் பிக்கப்பை வைத்துப் பார்த்தது. இன்று ஃபெண்டரின் நாய்ஸ்லெஸ், டங்கனின் கிளாசிக் ஸ்டாக், டிமார்ஜியோவின் ஏரியா என்று தெரிவுகள் நிறைய. நான் எடுத்தது டிமார்ஜியோ: நெக்கில் ஏரியா 67, நடுவில் 58, பிரிட்ஜில் 61.

மாட்டிய முதல் நாள் ஹம் போவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது! தப்பு என்னுடையது. டங்கன் வயரில் கறுப்புதான் ஹாட் (ஒலி வெளியே போகும் வயர்), சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி மூட வேண்டும். அந்தப் பழக்கத்தில் டிமார்ஜியோவையும் சால்டர் பண்ணிவிட்டேன். அங்கே சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் ஜோடி. பச்சை மட்டும் இருவருக்கும் எர்த். என் வேலையில் ஒரு சுருள் தலைகீழாகி, இரண்டு ஹம்மும் கைகோத்துக்கொண்டன. ஐந்தாவது முறை திறந்தது இதற்காகத்தான்.

சரியாகப் போட்ட பிறகு அதே மாதிரி ஒரு திருவிழா, அதே ஜெனரேட்டர். ஐந்து நிலையிலும் அமைதி. வால்யூமைக் குறைக்காமல் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்க முடிகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். நீண்ட நாளாக விட்டுவைத்திருந்த கம்ப்ரசர் பெடலை மறுபடி போட்டேன். ஹம்மையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். ஓவர்டிரைவும் அப்படித்தான், முன்பு பயந்து பயந்து மிதித்ததை இப்போது தைரியமாக மிதிக்கிறேன்.

இழப்பே இல்லையா? இருக்கிறது. கீழ்ச் சுருளும் கம்பியின் ஒலியைக் கொஞ்சம் பிடித்து எதிர்ப்பக்கமாகக் கழித்துவிடுகிறது, மேல் சுரங்களின் கண்ணாடிப் பளபளப்பு ஒரு நூல் குறைகிறது. வீட்டில் தனியாக வாசித்தால் எஸ்எஸ்எல்-1தான் அழகு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிரம்ஸ், பேஸ், தவில் பேட் எல்லாம் சேர்ந்த மேடையில் அந்த வித்தியாசத்தை எங்கள் குழுவில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பிக்கப்பின் உயரத்தைத் திருகி வைப்பதில் அதில் பாதியை மீட்டும்விடலாம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்வது தடித்த கம்பிப் பக்கம் 2.4 மிமீ, மெல்லிய பக்கம் 2 மிமீ. அதற்கு மேல் ஏற்றினால் காந்தம் கம்பியை இழுத்து சுருதி கோணலாகும். ஏரியாவில் இழுப்பு குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கிறேன். வாங்குமுன் உள்குழியின் ஆழத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சில ஸ்டாக் வகைகள் உயரமானவை, விலை குறைந்த கிட்டார்களின் உடலோ மெலிந்தது.

9 வோல்ட் பேட்டரியில் ஓடும் இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்பை, நண்பரின் கிட்டாரில் இரண்டு கச்சேரிதான் வாசித்தேன். அமைதி என்றால் அதுதான் அமைதி. கேபிள் எவ்வளவு நீளமானாலும் டோன் மங்கவில்லை. கம்பிக்கு எர்த் வயரே தேவையில்லை என்பதால் ஷாக் பயமும் குறைவு. நம் மேடைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. என்னைத் தடுத்தது பேட்டரி. ஜாக்கைப் பிடுங்க மறந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி ஒரு மணிக்குக் கிராமத்தில் எந்தக் கடையைத் தட்டுவது? அழுத்தி மீட்டினால் கூடவும் மெதுவாக மீட்டினால் குறையவும் வேண்டிய அந்த நெளிவும் எனக்குச் சற்றுச் சமனாகிப் போனதாகத் தோன்றியது. இரண்டு நாள் அனுபவத்தில் சொல்கிறேன், மாதக்கணக்கில் வாசிப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

வீட்டிலும் நல்ல ஸ்டுடியோவிலும் மட்டும் வாசிப்பவர் என்றால் ஸ்டாக்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். நல்ல சிங்கிள் காயில் செட் போட்டு, தேவைப்படும்போது 2, 4 நிலைகளில் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

எதை மாட்டினாலும் பிக்கப்பின் வயரை அளவாக வெட்டாதீர்கள். மிச்சத்தைச் சுருட்டி உள்ளேயே வையுங்கள். ஹாட் ரெயில்ஸை அப்படி வைத்திருந்ததால்தான் விற்க முடிந்தது. வாங்கியவர் முதலில் பார்த்தது வயரின் நீளத்தைத்தான். எஸ்எஸ்எல்-1 செட்டையும் இரண்டு பேர் கேட்டார்கள். கொடுக்க மனம் வரவில்லை. பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. இன்னொரு பழைய கிட்டார் கிடைத்தால் அதில் மாட்டிவிடுவேன், அது வீட்டு வாசலைத் தாண்டாது.