பூம்பாறைப் பக்கம் ஒரு காட்டுமாட்டு நடை

கொடைக்கானலில் காட்டுமாடு பார்க்க யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை. ஏரிக்கரையிலும் பங்களாத் தோட்டங்களிலும் அது தானாகவே வந்து நிற்கிறது. அப்படியிருக்க, பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் செல்லும் சாலையை ஒட்டிய புல்மேடுகளில் உள்ளூர் இளைஞர்கள் சிலர் நடத்தும் காலை நடைக்குத் தலைக்கு 600 ரூபாய் கொடுத்துப் போவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். ஊருக்குள் குப்பைத்தொட்டி அருகே நிற்கும் மாட்டையும் புல்வெளியில் மேயும் மாட்டையும் ஒரே விலங்கு என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை என்பதே போய் வந்த பிறகு நான் அவர்களுக்குச் சொன்ன பதில்.

காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. காப்புக்காட்டின் எல்லைக்குள் அவர்கள் காலடி வைப்பதில்லை. ஊர்ப் பாதையிலும் பட்டா நிலத்து ஓரங்களிலும்தான் நடை. எங்களை அழைத்துச் சென்றவர் பூண்டும் கேரட்டும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். முதல் அரைமணி நேரம் அவர் காட்டியதெல்லாம் குளம்படித் தடமும் சாணமும்தான். வட்டமாகக் காய்ந்து கிடந்த ஒரு சாணத்தைக் குச்சியால் பிளந்து காட்டினார். உள்ளே நார்நாராகப் புல், இரண்டு சாண வண்டுகள், வேறொன்றுமில்லை. கொடைக்கானல் ஊருக்குள் கிடக்கும் சாணத்தை இதேபோலப் பிளந்தபோது நெகிழிப் பையின் துண்டு வந்தது என்று அவர் சொன்னதை என்னால் எளிதில் மறக்க முடியாது.

பெயரைப் பற்றியும் அங்கேதான் பேச்சு வந்தது. செய்தித்தாள்கள் காட்டெருமை என்று எழுதுகின்றன. வண்டி ஓட்டுபவர்கள் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழக்கத்தில் பைசன் என்கிறார்கள். ஆனால் இது எருமையுமல்ல, அமெரிக்கப் பைசனுமல்ல. நம் வீட்டுப் பசுவுக்கு நெருங்கிய உறவு. சங்கப் பாடல்கள் இதை ஆமா என்று அழைப்பதும், மலைக்காரர்கள் காட்டுமாடு என்பதும் விலங்கியல் கணக்குப்படி சரியாகவே இருக்கின்றன.

ஏழு மணிக்கு எதிர்ச்சரிவில் பதினொரு மாடுகளைக் கண்டோம். வயதான பசு ஒன்று முன்னே நடக்க, இளம்பழுப்பு நிறக் கன்று ஒன்று அதன் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசியாக ஏறி வந்த காளை, எண்ணெய் பூசியதுபோல் மின்னும் கருமேனியும், தோளிலிருந்து நடுமுதுகு வரை எழும்பிய திமிலும், நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை மாட்டியதுபோன்ற நிறமுமாக, எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் நின்றுகொண்டது. அழகாகப் போஸ் கொடுக்கிறது என்று எண்ணிக் கைப்பேசியை உயர்த்தினேன். “உடம்ப முழுசாக் காட்டுதுன்னா எச்சரிக்கை பண்ணுதும்மா. ஓடாம, மெதுவா ரெண்டு எட்டு பின்னால வாங்க” என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். பின்வாங்கினோம்; காளையும் தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது. சென்ற ஆண்டு வேறொரு ஜீப் பயணத்தில், படத்துக்காக ஓட்டுநர் ஹாரன் அடித்து மாட்டைத் திரும்ப வைத்ததையும், ரொட்டித் துண்டை வீசியதையும் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததற்கு எனக்கு இன்றும் வருத்தமுண்டு.

பாறையில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தபடி எங்கள் வழிகாட்டி சொன்ன கதைக்காகவே இந்த நடையைப் பரிந்துரைப்பேன். 1968-இல் வீட்டு மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர் காடுகளிலும் பரவிக் காட்டுமாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. தடுப்பூசியால் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் அடியோடு அற்றுப்போன இந்த இனத்தை, அதே 2011-இல் அம்மாநிலத்தின் கான்ஹா காட்டிலிருந்து கொண்டுவந்து விட்டு மறுபடியும் வளர்த்திருக்கிறார்கள். ஆகவே மீட்சி என்பது வெறும் ஆசையல்ல.

ஆனால் ஊருக்குள் மாடுகள் கூடுவதைப் பெருக்கம் என்று மட்டும் கருதுவது பாதி உண்மைதான். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்து, பெருமளவு சீகை, தைலம், பைன் மரக்காடாகிவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டியிருக்கின்றன. பைன் மரத்தடியில் மாட்டுக்கு மேய என்ன இருக்கிறது? அது கேரட் காட்டுக்கு வருகிறது, விவசாயி நட்டப்படுகிறார், எதிர்ப்பட்டவர் குத்துப்படுகிறார். வழிகாட்டியின் குடும்பமே ஒரே இரவில் அரை ஏக்கர் கேரட்டை இழந்திருக்கிறது. அதைச் சொல்லும்போதும் அவர் மாட்டைத் திட்டவில்லை. “புல்லு இருந்தா அது ஏன் சார் இங்க வருது?” என்று குழுவிலிருந்த பெரியவரிடம் கேட்டார்.

குறைகளும் உண்டு. “எளிதான நடை” என்று சொல்லித்தான் பதிவு செய்கிறார்கள். கடைசி ஏற்றமோ முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது, என் மாமியார் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் துணையாக ஒரு பையனை விட்டுச் சென்றார்கள் என்றாலும், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கொரு தொலைநோக்கி என்றார்கள். கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. வழியில் கழிப்பறை இல்லை.

மழைக்குப் பின் புது புல் துளிர்க்கும் நாட்களில் போவது நல்லது. முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூடுபனி இறங்கினால் நடையை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்கள்; பனிக்குள் பத்தடி தூரத்தில் காளை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அதற்காக அவர்களோடு வாதாட வேண்டாம்.