நடந்து தேடுவதா, லைடாரா?

அரசு நிலங்களில் தொல்லியல் களங்களைத் தேட இரண்டு வழிகள். ஆட்கள் 15 முதல் 30 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து தரையைப் பார்ப்பது ஒன்று. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் இன்னொன்று.

வேகத்தில் லைடாரை மிஞ்ச முடியாது. பெலீஸ் நாட்டில், பழைய மாயா நாகரிகத்தின் காரகோல் நகரைச் சுற்றி 2009-இல் ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் காட்டைச் சில நாட்களில் அளந்தது. மரங்களுக்கு அடியிலிருந்த படிக்கட்டு வயல்கள் தெரிந்தன. சரி, ஆனால் விரல் நகம் அளவு பானை ஓடு அதற்குப் புலப்படாது. குனிந்து பார்ப்பவர் கண்ணில்தான் படும். தொல்பொருள் திருடர்கள் நேற்றுத் தோண்டிய குழியின் ஈரமண்ணும் அப்படியே.

அடர்காட்டில் முதலில் லைடார், அப்புறம் நடை என்பேன். வெட்டவெளிக்கு நடையே போதும். எப்படித் தேடினாலும், களங்களின் துல்லிய இருப்பிடத்தைப் பொதுவில் வெளியிட்டு அந்தத் திருடர்களுக்கு வழிகாட்டாதீர்கள்.