கொச்சிக்கு விமானம்: காட்பாடியிலிருந்து மீனம்பாக்கமா, தேவனஹள்ளியா?

காட்பாடி – சித்தூர் சாலையில், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியை ஒட்டி இருப்பவர்களுக்குச் சென்னையும் எட்டும், பெங்களூரும் எட்டும். கொச்சிக்கு இரண்டு ஊரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. வானத்தில் இருக்கும் நேரம் இரண்டிலும் ஒரு மணியை ஒட்டித்தான். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஃபோர்ட் கொச்சி போகத் திட்டம் போட்டபோது நாங்கள் சென்னையைத்தான் எடுத்தோம். மறுபடி போனாலும் சென்னைதான்.

டிக்கெட் விலையில் பெரிதாக அலச ஒன்றும் இல்லை. ஒரு நாள் இங்கே குறைவு, மறுநாள் அங்கே குறைவு. முனையத்தின் அழகு என்று பார்த்தால், பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியின் இரண்டாம் முனையத்துக்கு மீனம்பாக்கம் ஈடில்லை. கூரையிலிருந்து செடிகள் தொங்க, மூங்கில் வேலைப்பாட்டோடு அருமையாகக் கட்டியிருக்கிறார்கள். ரேணிகுண்டா விமான நிலையம் சித்தூர்க்காரர்களுக்குப் பக்கம் என்றாலும், நாங்கள் தேடிய நாட்களில் அங்கிருந்து நேரடி விமானம் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இன்னொரு ஊரில் இறங்கி மாறுவது வீண்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தரைவழிதான். டெல்லிக்குப் போகிறவருக்கு விமான நிலையம் போய்ச் சேரும் நேரம் மொத்தப் பயணத்தில் சின்னப் பங்கு. கொச்சிக்குப் போகிறவருக்கு அதுவே பெரும்பங்கு. பெட்டியை ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். அதனால் சாலையில் எவ்வளவு நேரமாகும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால், பயந்துகொண்டே இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கிறது. விமானம் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் அதிலேயே போய்விடும்.

சென்னைக்கு அந்த நிச்சயம் இருக்கிறது, ரயிலில் போனால். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். காலையிலிருந்து ராத்திரி வரை வண்டிகள் வந்துகொண்டே இருக்கும்; ஒன்று தவறினாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம். சென்ட்ரலில் இறங்கி அப்படியே கீழே மெட்ரோ நிலையத்துக்குப் போய் நீல வழித்தடத்தில் ஏறினால் கடைசி நிறுத்தமே விமான நிலையம். அங்கிருந்து முனையத்துக்கு மேலேயே நடைபாலம் இருக்கிறது. வீட்டிலிருந்து காட்பாடி வரை ஆட்டோ, அப்புறம் எல்லாம் தண்டவாளம். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கும் லிஃப்ட் இருந்ததால் சிரமம் இல்லை. இதையே காரில் போனால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். வாலாஜாபேட்டை – பூந்தமல்லி சாலையில் ஆறுவழி வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டினால் அவ்வளவுதான்.

தேவனஹள்ளியோ பெங்களூர் நகரத்துக்கு வடக்கே 35 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ரயிலில் கே.ஆர்.புரத்திலோ கன்டோன்மென்டிலோ இறங்கி, விமான நிலையத்துக்கு ஓடும் வாயு வஜ்ரா பஸ்ஸோ டாக்சியோ பிடித்துப் போக வேண்டும். பஸ் நல்ல பஸ்தான், ஆனால் ஹெப்பாள் நெரிசலைத் தாண்டித்தானே அதுவும் போக வேண்டும்? திரும்பி வரும்போது இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். சாயங்காலம் மீனம்பாக்கத்தில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, ராத்திரி ஜோலார்பேட்டை பக்கம் போகும் ஏதோ ஒரு வண்டியில் காட்பாடிக்கு வந்துவிடலாம். பெங்களூரிலிருந்தும் இரவு வண்டி இல்லாமல் இல்லை. விமான நிலையத்திலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்பதுதான் பிடிபடாது.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். அந்தப் பக்கத்திலிருந்து நான் போய்ப் பார்த்ததில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். நவம்பர், டிசம்பரில் போகிறவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் பெங்களூர் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் அங்கே குளிர்கால அதிகாலையில் மூடுபனியால் விமானங்கள் தாமதமாகும். எப்படியும் காலை முதல் விமானத்தைத் தவிர்ப்பது நல்லது.

சரி, விமானமே எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். திருவனந்தபுரம் மெயிலில் ராத்திரி காட்பாடியில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன். தனியாகப் போவதாக இருந்தால் நான் அதில்தான் போவேன். பெற்றோருக்கு இரண்டு கீழ் பெர்த் கிடைக்காததால்தான் விமானம் பக்கம் திரும்பினோம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும்போதே உட்கார்ந்துவிடுகிறவர்கள் தாராளமாக ரயிலில் போகலாம்.

கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியும் ஊருக்கு வெகு தள்ளித்தான். ஆலுவா வரை பஸ், அங்கிருந்து மெட்ரோ, பிறகு ஐகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி. பெட்டி அதிகமென்றால் டாக்சிதான் சரி. நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, 1568-ல் கட்டிய யூதர் தேவாலயம் வெள்ளி பிற்பகலும் சனியும் மூடியிருக்கும். ஞாயிறு காலை போய் இறங்கினால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.