மடிவாளா பஸ்ஸைப் பிடிக்கப் பைத்தானில் எத்தனை வழி?

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் சேலம் பஸ் ஏறும் பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரே கவலை: மாரத்தஹள்ளியில் கிளம்பினால் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட எவ்வளவு நேரமாகும்? சில மாதங்களாகக் குறித்துவைத்து, வரைந்தும் பார்த்தேன். இரண்டு திமில்கள்: சாதாரண நாளில் முக்கால் மணி, மழை நாளில் இரண்டு மணி நேரம். ஒரே திமில் கொண்ட நார்மல் பரவலுக்குள் இது அடங்காது. எந்த நேரத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ஒரு பரவலைச் சொந்தமாகப் பைத்தான் நிரலில் எழுதி, அதிலிருந்து ஒரு லட்சம் மாதிரி நேரங்கள் எடுக்க வேண்டும்.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையின் (SciPy) ஆர்வி_கன்டினுவஸ். அதிலிருந்து ஒரு கிளாஸ், உள்ளே அண்டர்ஸ்கோரோடு பிடிஎஃப் என்ற அடர்த்திச் சார்பு, அதாவது வாய்ப்பின் வளைவு; முடிந்தது வேலை. பார்க்க அழகுதான். ஆனால் நாம் கொடுத்தது அடர்த்திச் சார்பு மட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் சைபை ஒரு சமன்பாட்டின் மூலத்தைத் தேடுகிறது. அந்தத் தேடலின் ஒவ்வொரு படியிலும் தொகையிடுகிறது. ஓடவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய வம்பு, வளைவின் கீழ்ப் பரப்பு, அதாவது மொத்த வாய்ப்பு, 1 இல்லாவிட்டாலும் அது வாயைத் திறக்காது. இத்தனை சதவீத நாள்கள் எந்த நேரத்துக்குள் முடியும் என்று சொல்லும் நேர்மாறுச் சார்பான பிபிஎஃப்-ஐ நாமே எழுதிக் கொடுத்தால் பறக்கும். அதை எழுதத் தெரிந்தவருக்கு, மாதிரி எடுக்க மட்டும் என்றால், கிளாஸே வேண்டாம்.

2022-இல் வந்த சைபை 1.8-இல் நியூமெரிக்கல்இன்வர்ஸ்பாலினாமியல் என்ற கருவி இருக்கிறது. உள்ளே யூஎன்யூ.ரேன் என்ற சி நூலகம். நேர்மாறுச் சார்பைத் தொடக்கத்தில் ஒருமுறை பல்லுறுப்புக்கோவையாக்கி வைத்துக்கொள்கிறது; அப்புறம் மாதிரிகள் கொட்டும். பரப்பு 1 ஆக இருக்க வேண்டியதும் இல்லை. திமில்களுக்கு நடுவே அடர்த்தி பூஜ்ஜியமானால் மட்டும் தகராறு. சூத்திரம் கையில் இருந்தால் என் ஓட்டு இதற்கே.

சூத்திரமே இல்லை, குறித்த எண்கள்தான் இருக்கின்றன என்றால், அவற்றையே பரவலாக்கும் சைபையின் ஆர்வி_ஹிஸ்டோகிராம் போதும். ஆனால் பதிவான மோசமான நாளைத் தாண்டி ஒரு நிமிடம்கூட அது போகாது. சில்க் போர்டை அப்படி நம்ப முடியுமா?

நிமிடக் கணக்கு வேண்டாம், 'சீக்கிரம், சுமார், நாசம்' என்று மூன்று வகை போதும் என்பவர்கள் பைத்தானிலேயே இருக்கும் ரேண்டம்.சாய்சஸுக்கு, எது எத்தனை தடவை வரும் என்ற எடைகளைக் கொடுத்துவிடலாம். எடைகளின் கூட்டுத்தொகை எதுவானாலும் சரி. எண் கணக்கு நூலகமான நம்பையின் (NumPy) சாய்ஸுக்கு நிகழ்தகவு கொடுத்தால்தான் கூட்டுத்தொகை 1 வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

இத்தனையும் முயன்ற பிறகுதான் உறைத்தது: இரண்டு திமில் என்றால் இரண்டு பரவல்கள் கலந்திருக்கின்றன. மழையா இல்லையா என்று முதலில் ஒரு காசு சுண்டு. விழுந்ததற்கேற்ற லாக்நார்மல் (வலப்பக்கம் வால் நீண்ட ஒற்றைத் திமில்) பரவலிலிருந்து நேரத்தை எடு. நம்பையில் மூன்றே வரி. கிளாஸும் இல்லை, தொகையிடலும் இல்லை. மழை நாளை மட்டும் தனியாகவும் கேட்கலாம். கேட்டேன். ஒன்பதரை பஸ்ஸுக்கு இப்போது ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறேன். வானம் கறுத்திருந்தால் ஆறரைக்கே.